பஸ் காசுக்கு ஓடுவோம், வாங்க

தோழர்களே,

இன்றைக்கு ஜனவரி 5. திண்டிவனத்திலிருந்து நாம் புறப்பட வேண்டியது பிப்ரவரி 14, காலை 6 மணிக்கு. நடுவில் இருப்பது 40 நாள். நம் வாட்ஸ்அப் குழுவில் 84 பேர் இருக்கிறோம். ஓட்டத்தைப் பற்றி நான் போட்ட செய்திக்குக் கட்டைவிரல் காட்டியவர்கள் 61 பேர். கைகூப்பியவர்கள் 9 பேர். பெயர் கொடுத்தவர்கள் 11 பேர். எட்டாம் வகுப்புக்கு விழுக்காடு நடத்தும்போது இதையே உதாரணக் கணக்காகப் போடலாமா என்று யோசித்தேன். கரும்பலகையில் எழுத எனக்கே கூச்சமாக இருந்தது.

கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஓட முடியாது. கால் வேண்டும். 48 கால் வேண்டும். கையில் இருப்பது 22.

திட்டம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். குழுவில் வந்த கேள்விகளைப் பார்த்தால் பாதிப் பேர் படிக்காமலே விரல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இன்னொரு முறை. திண்டிவனத்திலிருந்து சென்னை அடையாறு வரை, ஜி.எஸ்.டி. சாலை வழியாக, ஏறக்குறைய 120 கிலோமீட்டர். பன்னிரண்டு கட்டம். ஒரு கட்டத்துக்கு 10 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஓடலாம், நடக்கலாம், உட்கார்ந்து கஞ்சி குடிக்கலாம், இரண்டு மணி நேரத்தில் அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட வேண்டும். நெடுஞ்சாலையில் யாரும் தனியாக ஓடக் கூடாது என்பதால் கட்டத்துக்குக் குறைந்தது இரண்டு பேர். 15ஆம் தேதி விடிகாலை 6 மணிக்கு நாம் போய் நிற்கப்போவது மைதானத்தில் இல்லை, மேடையில் இல்லை. சர்தார் படேல் சாலையில் ஒரு பேருந்து நிறுத்தத்தில். வெளியூரிலிருந்து நோயாளிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, புற்றுநோய் மருத்துவமனையின் டோக்கன் வரிசைக்கு முந்த வேண்டுமென்று இருட்டோடு கிளம்பிவரும் அம்மாக்கள் இறங்குகிற நிறுத்தம் அது. பிப்ரவரி 15ஐ உலகம் முழுவதும் குழந்தைப் புற்றுநோய் நாளாக வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தத் தேதி.

பன்னிரண்டு கட்டத்தையும் நான் ஓடுகிறேன். இதுவரை 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை. முடியுமா என்று தெரியாது. முடியாமல் போனால் என்னை வண்டியில் ஏற்றிவிட்டு நீங்கள் போய்க்கொண்டே இருங்கள். என்னை நம்பி இந்த ஓட்டம் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

'தோழர்களே' என்று கூப்பிட்டதற்குப் போன வாரமே ஒருவர் கேலி செய்தார்: "என்ன டீச்சர், கட்சியில சேர்ந்துட்டீங்களா?" சேரவில்லை சார். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஆண்டுதோறும் ஒரு ஓட்டம் நடக்கிறது, 90 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். அதன் பெயரே 'தோழர்கள்', காம்ரேட்ஸ். முதல் உலகப் போரிலிருந்து உயிரோடு திரும்பிய விக் கிளாப்ஹம் என்ற சிப்பாய், கூட நடந்து நடந்தே செத்துப்போனவர்களுக்குக் கல் நடுவதைவிடக் கால் நோக ஓடுவதே நினைவுச் சின்னம் என்று பிடிவாதம் பிடித்துத் தொடங்கியது. 1921 மே 24 அன்று முதல் ஓட்டம். புறப்பட்டவர்கள் 34 பேர், போய்ச் சேர்ந்தவர்கள் 16 பேர். அந்த அர்த்தத்தில்தான் கூப்பிடுகிறேன். நம்மிடம் 11 பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் 34.

என் மகளைப் பற்றி இந்தக் குழுவில் நான் பேசியதே இல்லை. தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி நடந்துகொண்டீர்கள். அதற்கு நன்றி. இப்போது சொல்கிறேன். கணக்குப் புரிய வேண்டும், அதற்காக மட்டும்.

ஆறு வயதில் அவளுக்குக் கால் வலி வந்தது. இரவில் எழுந்து உட்கார்ந்து அழுவாள். பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். "வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிச் சத்து டானிக் எழுதித் தந்தார்கள். மூன்று வாரம் டானிக் கொடுத்தேன். முகம் வெளிறிக்கொண்டே போனது, காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, முழங்காலுக்குக் கீழே அடிபடாமலே நீலம் பாரித்தது. கணக்கு டீச்சருக்கு இந்த நான்கையும் கூட்டத் தெரியவில்லை. உங்களில் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள்: இந்த நான்கும் சேர்ந்து வந்தால் டானிக் வேண்டாம், அன்றைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை.

அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் வருவது இதுதான், நன்றாகக் குணமாகிற வகைகளில் ஒன்றும் இதுதான் என்று சென்னையில் டாக்டரம்மா சொன்னார். நான் இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டு. முதல் மாதம் நோயை ரத்தத்திலிருந்து துடைக்கிறார்கள். அடுத்த சில மாதம் ஒளிந்திருப்பதைத் தேடித் தேடி அழிக்கிறார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு மூளையைக் காக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டிலேயே மாத்திரை, மாதம் தவறாமல் சோதனை. வாயில் நுழையாத மருந்துப் பெயர்களுக்கெல்லாம் அவள் வேறு பெயர் வைத்தாள். சிவப்பாக இறங்கும் மருந்து ரோஸ்மில்க். மஞ்சளாக இறங்குவது மாம்பழம். ரோஸ்மில்க் இறங்கிய மறுநாள் மூத்திரம் சிவப்பாகப் போகும். முதல் முறை நான் அலறிவிட்டேன். "ரோஸ்மில்க்மா அது" என்று எனக்கு ஆறுதல் சொன்னவள் அவள்.

டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். 114 முறை போய் வந்தோம். போக 120, வர 120. மொத்தம் 27,360 கிலோமீட்டர். மேல்மருவத்தூரில் வாந்தி எடுப்பாள். மதுராந்தகம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று எட்டிப் பார்ப்பாள். பாலாற்றுப் பாலத்தில் தூங்கிவிடுவாள். வண்டலூர் வந்ததும் எப்படித்தான் தெரியுமோ, கண் விழித்துவிடுவாள். "இன்னைக்காவது வெள்ளைப் புலி பார்க்கலாமா?" கூட்டத்துக்குள் கூட்டிப்போகக் கூடாது, வெள்ளை அணுக்கள் குறைவு, கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து என்பது உத்தரவு. "அணு ஏறட்டும்டா, பார்க்கலாம்" என்பேன். 114 தடவையும் சொன்னேன்.

இருபதாம் மாதம் நோய் திரும்பியது. எட்டு வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்தபோது போய்விட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இனித்தான் நான் சொல்ல வந்தது. எங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் செஞ்சிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன். இவள் வயதுதான், இவளுக்கு வந்த அதே நோய். அப்பா செங்கல் சூளையில் வேலை. அம்மாவும் அங்கேதான், கைக்குழந்தை வேறு. அந்தப் பையனுக்கு முதல் மாத மருந்து என் மகளைவிட நன்றாக வேலை செய்தது. தலையில் பொடிமுடி அரும்பியது, கன்னம் உப்பியது, வார்டு முழுக்க ஓடினான். வீட்டுக்குப் போனான். அடுத்த தேதிக்கு வரவில்லை. அதற்கடுத்த தேதிக்கும் வரவில்லை. நான்கு மாதம் கழித்து வந்தபோது ஆளே அடையாளம் தெரியவில்லை. "நல்லாத்தான் இருந்தான்க்கா. ஓடியாடிட்டுத்தான் இருந்தான். ஒருக்கா வந்து போனா ரெண்டு பேர் கூலியும் போவுது, பஸ்ஸுக்கு வேற கடன் வாங்கணும். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு இருந்துட்டோம்" என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். என்னிடம் ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. நானும் ஓர் அம்மா என்பதால் திட்ட மாட்டேன் என்று நினைத்திருக்கலாம்.

தோழர்களே, என் மகளை நோய் கொண்டுபோனது. எல்லா மருந்தும் கொடுத்தும், ஒரு தேதியும் தவறாமல் போயும் கொண்டுபோனது. அதனோடு சண்டை போட எனக்குத் தெரியாது. அதற்கு ஆய்வுக்கூடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பையனைக் கொண்டுபோனது பஸ் காசு. பஸ் காசோடு சண்டை போட எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மருந்து இல்லாத காலம் ஒன்று இருந்தது. இந்த நோய் வந்த பிள்ளை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் போய்விடும். 1947 கடைசியில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. தற்காலிகமாகத்தான், ஆனாலும் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அந்த மருந்து வந்தது எல்லப்பிரகத சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து. பீமவரத்தில் பிறந்து நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்நியத் துணியை விலக்கிக் கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவைக் கூடத்துக்குள் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். உடன்பிறந்தவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தின் வால் பிடித்துப் போய்த்தான் ஃபோலிக் அமிலத்துக்கு வந்து சேர்ந்தார், அதிலிருந்து அதற்கு எதிர்மருந்துக்கு. என் மகளின் 'மாம்பழம்' மெத்தோட்ரெக்சேட் அவர் கூடத்துச் சரக்குதான். அவர் படம் எந்தப் பள்ளிக்கூடச் சுவரிலாவது தொங்கிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பள்ளியிலும் இல்லை. நான்தான் மாட்ட வேண்டும்.

இன்னொரு மருந்து வின்கிரிஸ்டின். அது எதிலிருந்து எடுப்பது என்று தெரியுமா? நாம் ஞாயிற்றுக்கிழமை ஓடும் பாதையில் மயானத்து மதில் ஓரமாக ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறதே, நித்தியகல்யாணி, ஊர்க்காரர்கள் சுடுகாட்டு மல்லி என்பார்கள், அதிலிருந்து. அந்தப் பூவை வீட்டில் வைக்கக் கூடாது என்று என் மாமியார் பிடுங்கிப் போட்டிருக்கிறார். அது பிள்ளைகளைச் சுடுகாட்டுக்கு வரவிடாமல் தடுக்கிற செடி என்று தெரிந்த பிறகு நான் தொட்டியில் வைத்திருக்கிறேன்.

அடையாறில் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும் ஒரு சாவிலிருந்துதான். தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்துவிட்டு முப்பது ஆண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தார். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு 1960லேயே அங்கே வந்துவிட்டது. டாக்டர் சாந்தா 1955இல் உள்ளே போனவர், 2021இல் கண்மூடும்வரை வெளியே வரவில்லை. ஆக மருந்து இருக்கிறது. டாக்டர் இருக்கிறார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அது தாங்கும். பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்கிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் முப்பதுகூட இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2030க்குள் உலக அளவில் அறுபதாவது ஆக வேண்டும் என்று 2018இல் இலக்கு வைத்தார்கள். எண்பதுக்கும் முப்பதுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் எத்தனையோ கிடக்கின்றன: தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்துத் தட்டுப்பாடு, கிருமித் தொற்று. அதில் ஒன்று பாதியில் நின்றுபோவது. நம் கைக்கு எட்டுவது அந்த ஒன்று.

கணக்கு இது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய். பஸ், ஆட்டோ, இரண்டு வேளைச் சாப்பாடு, போன கூலியில் ஒரு துண்டு. 24 மாதத்துக்கு 96,000. பன்னிரண்டு குடும்பத்துக்கு 11,52,000. நாம் ஓடும் ஒவ்வொரு 10 கிலோமீட்டரும் ஒரு பிள்ளை. ஒரு கிலோமீட்டருக்கு 9,600 ரூபாய். மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதில்லை. பிள்ளையோடு வந்து சேர்ந்ததும் அன்றைய பணம் அன்றைக்கே கையில். வர வேண்டிய தேதிக்கு வரவில்லையென்றால் மறுநாள் காலை ஒரு போன். நம் போஸ்ட்மாஸ்டர் ஐயா ஓய்வு பெற்றும் சும்மா இருக்க முடியாமல் தவிக்கிறார், போன் வேலை அவருக்கு. "ஏன் வரலைம்மா?" என்று கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் செஞ்சிப் பையன் இப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருப்பான்.

இதுவரை சேர்ந்தது 3,40,000. இன்னும் வேண்டியது 8,12,000.

"எதுக்கு ஓடணும்? பணத்தை நேரா குடுத்துடலாமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். கொடுங்கள் ஐயா, தாராளமாக. உங்களிடமிருந்து இதுவரை வரவில்லை என்று கணக்குப் பார்க்கும் என் வீட்டுக்காரர் சொல்கிறார். கேலி இருக்கட்டும். கேள்வி நியாயமானது. நானும் முதலில் உண்டியல்தான் குலுக்கினேன், மகள் இறந்த மூன்றாம் மாதம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேட்கிறாளே என்று கொடுத்தார்கள். இரண்டாம் தடவை போனபோது என்னைப் பார்த்துத் தெருவுக்கு அந்தப் பக்கம் மாறினார்கள். தப்பில்லை. துக்கத்துக்கு ஒருவர் ஒரு முறைதான் காசு கொடுக்க முடியும். ஆனால் ஒரு மனுஷி வெயிலில் ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "இது பதினேழாவது கிலோமீட்டர், இதுக்கு இன்னும் யாரும் காசு கட்டலை" என்று சொன்னால் அது வேறு. அச்சிறுபாக்கத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குப் புற்றுநோயைப் பற்றி யாரும் போய்ப் பேச முடியாது, எழுந்து போய்விடுவார். ஓட்டத்தை வேடிக்கை பார்ப்பார். வேடிக்கை பார்க்கும்போது காதில் விழும். விழுந்தது ஒரு நாள் அவர் தெருவில் ஒரு பிள்ளைக்குக் கால் வலிக்கும்போது நினைவுக்கு வரும்.

இந்த வழி புதிதும் இல்லை. 1988இல் நியூயார்க் மாரத்தானில் லுக்கீமியா வந்த ஒரு சிறுமியின் தகப்பன் 38 பேரைச் சேர்த்துக்கொண்டு ஓடி 3,22,000 டாலர் திரட்டினார். அதற்கு முன்னால், கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ். பதினெட்டு வயதில் எலும்புப் புற்றுநோய்க்கு வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வார்டில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்த்தார். 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு கிழக்குக் கடற்கரையில் தொடங்கினார். ஏறத்தாழ நாளுக்கு ஒரு மாரத்தான். கனடாக்காரர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. ஆரம்பத்தில் பல ஊர்களில் கண்டுகொள்ள ஆளில்லை. போர்ட் ஓ பாஸ்க் என்ற பத்தாயிரம் பேர் இருந்த சின்ன ஊர் பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தது. அங்கிருந்துதான் நம்பிக்கை. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபோது நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது, நிறுத்த வேண்டியதாயிற்று. மறு ஆண்டு ஜூனில் இறந்தார், வயது 22. இறப்பதற்கு முன்பே 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அன்றைய கனடாவின் தலைக்கு ஒரு டாலர். அவர் பெயரில் இன்றைக்கும் ஊர் ஊராக ஓடுகிறார்கள், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில்கூட ஓடியிருக்கிறார்கள்.

நம் திண்டிவனத்தின் மக்கள்தொகை 70,000க்கு மேல். தலைக்கு 12 ரூபாய். ஒரு டீ. 8,12,000 தாண்டிவிடும். பத்தாயிரம் பேர் இருந்த ஊர் செய்ததை நாம் செய்ய முடியாதா?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போஸ்டரில் "அந்தக் குழந்தைகளின் வலியை நாமும் உணர்வோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். எடுத்துவிடச் சொன்னேன். 35ஆம் கிலோமீட்டரில் உடம்பில் இருந்த சர்க்கரையெல்லாம் எரிந்து தீர்ந்து, கால் சிமெண்ட் மூட்டையாகி, "உட்கார்ந்துடு" என்று மூளை கெஞ்சும். உண்மைதான். ஆனால் நாம் உட்காரலாம். எந்த நிமிஷமும் உட்காரலாம். வண்டி பின்னாலேயே வருகிறது. முதுகில் ஊசி இறங்கும்போது உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிற ஏழு வயசுப் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். நான் அவள் வலியை உணர ஓடவில்லை. அவள் போனபிறகு விடிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும், மாத்திரை கொடுக்கும் நேரம் என்று உடம்புக்குப் பழக்கம். படுக்கையில் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். முதல் நாள் தெருமுனை வரை. அவ்வளவுதான் என் ஓட்டத்தின் கதை. நீங்கள் கைதட்டுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

டி-ஷர்ட் பற்றி 140 செய்தி போட்டிருக்கிறீர்கள். மஞ்சளா, தங்க நிறமா, முதுகில் பெயர் வேண்டுமா. டி-ஷர்ட் கிடையாது. மெடல் கிடையாது. அந்தக் காசில் மூன்று மாதத்துக்கு ஒரு பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய் வரலாம். வீட்டில் இருக்கும் சட்டை போதும். இரவுக் கட்டத்துக்கு மட்டும் ஒளிரும் மேல்சட்டையும் தலைவிளக்கும் கட்டாயம், அதற்கு ஒரு லாரி பட்டறைக்காரர் பொறுப்பேற்றிருக்கிறார்.

நாளையிலிருந்து செய்ய வேண்டியது. பத்துக் கிலோமீட்டர் ஏற்கெனவே ஓடுபவர்கள் புதிதாக எதையும் தொடங்காதீர்கள், வாரத்தில் ஒரு நாள் இரவில் ஓடிப் பழகுங்கள், அது போதும். ஐந்து கிலோமீட்டர்க்காரர்கள் வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள், அவசரம் வேண்டாம். கால் பிடித்தால் வீரம் காட்டாதீர்கள். புது ஷூ அன்றைக்கு வேண்டாம். தொடை இடுக்கில் தேங்காயெண்ணெய். வெறும் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும், ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட நீராகாரம். கடலை மிட்டாய், வாழைப்பழம், கஞ்சி எல்லாம் வண்டியில் இருக்கும். வண்டியை ஓட்டுவது என் வீட்டுக்காரர். அவர் ஓட மாட்டார், பேசவும் மாட்டார். 114 முறையில் பஸ்ஸில் போன நாள் போக மீதி நாள் இதே சாலையில் அவர்தான் ஓட்டினார். எந்த இடத்தில் எந்தக் குழி என்று அவருக்குத் தெரியும்.

ஓட முடியாதவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். ரத்தத்தில் தட்டணுக்கள் என்று ஒன்று இருக்கிறது. கீமோ போடும் பிள்ளைகளுக்கு அது இறங்கிக்கொண்டே இருக்கும், இறங்கினால் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் நிற்காது. எடுத்து வைத்தால் ஐந்தே நாள்தான் தாங்கும், ஆகவே புதிது புதிதாக ஆள் வேண்டும். பெயரும் ரத்த வகையும் எழுதித் தாருங்கள். ஓடுகிறவர்கள் மட்டும் ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரம் கொடுக்காதீர்கள். வியாபாரிகள் சங்கத்துக்குப் போய்ப் பேச மூன்று பேர் வேண்டும். எனக்குப் பேச வராது, நான் போனால் அவர்கள் என் முகத்தைப் பார்த்துக் காசு கொடுப்பார்கள், அது வேண்டாம். காவல் துறை அனுமதிக்கு மனு கொடுத்தாயிற்று.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி 20. அதற்குள் 24 பேர் ஆகவில்லையென்றால் இருக்கிற 11 பேரையும் இரண்டு மூன்று கட்டமாகப் பிரித்துப்போட வேண்டியிருக்கும். அதில் ஒருவருக்கு வயது 63, ஒருவருக்குச் சர்க்கரை. செய்வார்கள். செய்யவிட்டுவிட்டு நீங்கள் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருப்பீர்களா?

நேற்று இரவு வரைக்கும் பட்டியல் இப்படி. முதல் கட்டம், திண்டிவனம் பேருந்து நிலையம் பக்கம், காலைக் குளிர், போட்டோ எடுக்க வசதி: நான்கு பேர். கடைசிக் கட்டம், கிண்டி வழியாக அடையாறு: மூன்று பேர். பகல் கட்டங்களுக்கு ஒன்றும் அரையுமாக நான்கு பேர். பாலாற்றுப் பாலம், செங்கல்பட்டு, பரனூர் சுங்கச்சாவடி: காலி. பத்தாம் கட்டம், இரவு 12 மணியிலிருந்து 2 மணி வரை, வண்டலூர் மிருகக்காட்சி சாலையின் மூடிய வாசலைத் தாண்டித் தாம்பரம் வரை: காலி.